வல்லூறுக்குத் தெரிந்த குரல்

"ஏம்மா பொண்ணே, நீ பிறவி ஊமையா, இல்ல எங்களோட பேசினா வாயிலேருந்து முத்து உதிர்ந்துடுமா?"

தேயிலை எடைபோடும் கொட்டகையில் ஊரே மூட்டைகளோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது செசாயி மெலிஹாவைப் பார்த்து இப்படிக் கேட்டார். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. செசாயி கெட்டவர் இல்லை. வாய் ஓயாதவர், அவ்வளவுதான். செசாயி வாயை மூடும் அன்றைக்கு மழையும் நிற்கும் என்று ஊரில் சொல்வார்கள். கருங்கடலை ஒட்டிய அந்தச் சரிவில் மழை எங்கே நின்றது. கேட்டுவிட்டு அவரே முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மெலிஹா பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பதில் இருந்தது, நல்ல பதில், அவரை நாலு நாள் தூங்கவிடாத பதில். அது தொண்டைவரை வந்து, வெளியே இத்தனை பேர் நிற்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிப் போய்விட்டது.

பள்ளிக்கூடமும் அந்த வருஷம்தான் நின்றது. யாரும் நிறுத்தவில்லை. காலையில் பெயர் கூப்பிடும்போது 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் விடிந்ததிலிருந்து அவள் வயிற்றில் கல்லாகக் கிடக்கும். ஒருநாள் பாதி வழியில் கம்பிவடக் கொட்டகைக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டாள். மலைமேலிருந்து தேயிலை மூட்டைகளைக் கம்பியில் தொங்கவிட்டு இறக்கும் இடம் அது. பறிப்பு இல்லாத நாளில் ஈ காக்கை வராது. அடுத்த நாளும் போனாள். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடம் அவளை மறந்தது. இருக்கிறேன் என்பதைத்தான் வாயால் சொல்ல வேண்டும், இல்லை என்பதைச் சொல்ல வாயே வேண்டாம் என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அவள் ஊமை இல்லை என்பது ஃபிந்திக்குக்கு மட்டும் தெரியும். ஃபிந்திக் அவள் அண்ணன் ரித்வானின் வேட்டை நாய். வறுத்த ஹேசல்கொட்டையின் பழுப்பு நிறம். பெயருக்கும் அதுதான் அர்த்தம். குட்டியாக அந்தக் கொட்டகைக்குள் அவளைத் தேடிக்கொண்டு வந்தது ஒரு மழைநாளில். அன்று அவள் பேச ஆரம்பித்தாள். வீட்டில் நடந்தது, தெருவில் பார்த்தது, நடக்காதது, கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதாக அவளே கட்டிக்கொண்ட ஊர்கள், அந்த ஊர்களின் நாய் ராஜாக்கள். நாய் தலையை ஒருபுறம் சாய்த்துக் கேட்கும். அலுத்தால் தூங்கும். ஒரு நாளும் 'அப்புறம்?' என்று கேட்டதில்லை. அதனாலேயே அவளுக்கு அப்புறம் அப்புறம் என்று வந்துகொண்டே இருந்தது. இப்படி ஐந்து வருஷம்.

இந்த ஆகஸ்டு கடைசியில் கம்பிவடத்தில் இறங்கிய மூட்டை ஒன்று கொக்கியோடு வந்து ரித்வானின் வலது தோளில் மோதியது. எலும்பு முறிந்து, கட்டுப்போட்ட கை கழுத்தில் தொங்கியது. அந்த ஊர் ஆணுக்கு அந்த மாதத்தில் கை ஒடிவது, கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குக் கால் ஒடிந்ததைப் போல. செப்டம்பரில் வல்லூறுகள் வரும். கூடவே, வடக்குக் கரையிலிருந்து கடலைத் தாண்டிய காடைகள் களைத்துப்போய்ச் சோளக்கொல்லைகளில் வந்து விழும். வல்லூறை அங்கே அத்மாஜா என்பார்கள். எறிவது என்று பொருள். முஷ்டியில் உட்காரவைத்துத் தானாகப் பறக்கட்டும் என்று விடுவது அவர்கள் முறை இல்லை. அதன் மார்பை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்து, நாய் கிளப்பிய காடையைக் குறிபார்த்துக் கல்லைப் போல வீச வேண்டும். காடைக்காலம் முடிந்ததும் பறவையை அதன் வழியே விட்டுவிடுவார்கள்.

"இந்த வருஷம் வல்லூறு இல்ல," என்றான் ரித்வான், சாப்பாட்டின்போது. "வேலையில்லாத நாய்க்கு மூக்கு மழுங்கிடும். செசாயி மாமாவோட நாய் செத்துப்போச்சாம், இதைக் கேட்டாரு. காடை இறங்கினதும் வந்து கூட்டிட்டுப் போங்கன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

மெலிஹா சோளரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். விரல்கள் அப்படியே நின்றன.

"நல்லதாப் போச்சு," என்றாள் அண்ணி ஹுரியே. "வருஷா வருஷம் ஒரு சக்களத்தி வந்து இவரு கையில ஏறி உக்காந்துக்குவா. எனக்கு ஒரு நாள் ஒரு வாய் ஊட்டியிருப்பாரா இந்த மனுஷன்? அவளுக்குக் கறியைப் பொடிப்பொடியா நறுக்கி ஊட்டுவாரு."

"நீ கொத்தாம இருந்தா உனக்கும் ஊட்டறேன்."

ஹுரியே வழக்கமாக இதற்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அன்று அவள் கண் மெலிஹாவின் விரல்களில் இருந்தது. அப்புறம் பாத்திரம் கழுவும்போது, தண்ணீரிடம் சொல்வதைப் போலச் சொன்னாள்: "வல்லூறு உக்காந்திருக்கற வீட்டிலேருந்து நாயை ஓட்டிக்கிட்டுப் போறது நம்ம பக்கத்துல வழக்கமில்ல. பறவைக்கு அந்த நாய் பழகியிருக்கும், பிரிச்சா ரெண்டும் கெட்டுடும். ம்... இங்கதான் வல்லூறே இல்லையே."

எல்லாம் பிள்ளைப்பூச்சியில் தொடங்கும். வல்லூறு வேண்டுமானால் கீச்சான் குருவி வேண்டும், கீச்சான் வேண்டுமானால் பிள்ளைப்பூச்சி வேண்டும். சின்ன வயதிலிருந்தே அண்ணனுக்காகச் சாணக்குழி ஓரத்து ஈரமண்ணில் பிள்ளைப்பூச்சி தோண்டியவள் மெலிஹாதான். அது மண்ணுக்குள் ஒளிவதையும் இவள் ஆள் வந்தால் ஒளிவதையும் பார்த்து ரித்வான் அவளுக்கே அந்தப் பெயரை வைத்திருந்தான். மறுநாள் காலை அவள் ஒரு பூச்சியைத் தோண்டியெடுத்து, மேலே கண்ணிகள் வைத்த சிறு கூண்டுக்குள் விட்டு, வேலியில் மாட்டினாள். மத்தியானத்துக்குள் ஒரு கீச்சான் மாட்டியது. அவள் விரலைக் கடித்து ரத்தம் பார்த்தது. ரெண்டு நாளில் அதே விரலிலிருந்து வெட்டுக்கிளி வாங்கித் தின்றது.

வல்லூறை வலைக்கு இழுக்கக் கீச்சானைக் குச்சியில் கட்டி ஆட்டும்போது அதன் கண்களுக்குச் சின்னத் தோல்துண்டால் மூடி போட வேண்டும். கண் தெரிந்தால், மேலே வல்லூறின் நிழல் விழுந்ததும் கல்லாகிவிடும்; சிறகடிக்காத குருவியை வல்லூறு ஏன் பார்க்கப் போகிறது. பார்க்காதவரைதான் அதற்குத் தைரியம். மூடியை அதன் தலையில் பொருத்தியபோது, அன்று எடைக்கொட்டகையில் தனக்கு யாராவது இப்படி ஒன்றைப் போட்டுவிட்டிருந்தால் அந்தப் பதில் வெளியே வந்திருக்கும் என்று மெலிஹாவுக்குத் தோன்றியது.

அண்ணன் வல்லூறு பிடிக்க ஒளிந்திருக்கும் குடில் மலைமுதுகில் இருந்தது, கிளைகளாலும் பெரணித்தழைகளாலும் வேய்ந்தது. உள்ளே ஒரு ஆள் மடங்கி உட்காரலாம். ஒரு ஆளும் ஒரு நாயும் என்றால் மூச்சையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். முன்னால் நிற்கிற வலை நூலாலானதா பனியாலானதா என்று தெரியாது. கீழே மூடுபனி பள்ளத்தாக்கை நிரப்பி, தேயிலை வரிகளையும் கூரைகளையும் மசூதியின் கோபுரத்தையும் முழுங்கியிருக்கும். மேலே மட்டும் வெயில். அந்த வெயிலில், வடக்கேயிருந்து தெற்கே, பறவைகள் ஆறாக ஓடிக்கொண்டிருந்தன. பருந்துகள், கழுகுகள், பெயர் தெரியாதவை. சிறகை அசைக்காமல் சுழன்று சுழன்று ஏறி, நழுவிப் போயின. பார்த்துக்கொண்டே இருந்தால் அவை நின்றுவிட்டு மலைதான் நகர்வதைப் போல இருக்கும். மெலிஹா குச்சியை ஆட்டினாள். கீச்சான் படபடத்தது. விழித்திருக்கிறாளா தூங்குகிறாளா என்று அவளுக்கே நிச்சயமில்லாத ஒரு பொழுதில், ஆற்றிலிருந்து ஒரு துளி பிரிந்தது. அது விழுந்துகொண்டே வந்தது. வலை ஒரு பெருமூச்சு விட்டுச் சுருண்டது.

பழுப்புக் கோடு போட்ட மார்பு. மஞ்சள் கண். அந்தக் கண்ணில் பயம் இல்லை, ஒரு அவமானம் மட்டும் இருந்தது. மெலிஹா அதைத் துணியில் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். அவளுடைய இதயமும் அதனுடையதும் யார் முந்தி என்று ஓடின.

ரித்வான் இடது கை விரலால் பறவையின் மார்பெலும்பைத் தடவிப் பார்த்தான். முகம் மலர்ந்ததை மறைக்கக் கோபப்பட்டான். "பொட்டை. முதல் வருஷப் பறவை. அண்ணன் கை ஒடிஞ்சதும் பிள்ளைப்பூச்சிக்கு றெக்கை முளைச்சிடுச்சா? யாருடி எறியறது? நீயா? நான் 'எறி'ன்னு கத்தினா நீயே கீழ விழுந்துடுவ." பிறகு வேறு பக்கம் பார்த்தபடி சொன்னான்: "டீக்கடைக்குக் கொண்டு போ. நாலு பேர் சத்தம் போடற இடத்துல உக்கார வை. சத்தம் பழகாத வல்லூறு பிசாசு."

அவள் தலையாட்டினாள். போகவும் செய்தாள், டீக்கடை வாசல் வரைக்கும். உள்ளே சீட்டுகளை மேசையில் அறைகிற ஓசை. கண்ணாடிக் குவளைகளில் கரண்டிகள். எல்லாவற்றுக்கும் மேலே செசாயியின் குரல். வல்லூறு அவள் முஷ்டியில் தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்தது. அதை நிமிர்த்தி உட்காரவைத்துவிட்டு, பறவைக்காகத்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு, கம்பிவடக் கொட்டகைக்குப் போய்விட்டாள். மறுநாளும் வாசல் வரை. அதற்கு மறுநாள் வாசலுக்கும் போகவில்லை. வீட்டில் அண்ணன் "போனியா?" என்று கேட்டால் தலையை ஆட்டினாள். வாயால் சொல்லாத பொய் பொய்யில்லை என்று நினைத்தாள்.

கொட்டகையில் நாட்கள் கனவைப் போலப் போயின. தகரக் கூரையில் மழை. முழங்காலில் நாயின் தாடை, முஷ்டியில் வல்லூறு. மெலிஹா பேசிக்கொண்டே இருந்தாள். பேச்சுக்கு நடுவே ஒரு துண்டு கறி. முதலில் அது கறியைப் பார்க்காமல் அவளையே முறைத்தது. பிறகு கறியைப் பார்த்தது. ஒருநாள், நாய் ராஜா கடல்மேல் நடந்து வரும் கதையில், அது ஒற்றைக் காலை மார்புக்குள் இழுத்துக்கொண்டு கண்ணைப் பாதி மூடியது. கதை நின்றால் கண் திறக்கும். தொடர்ந்தால் மூடும். தூரத்து விட்டத்தில் அதை வைத்துவிட்டு வந்து, தரையில் உட்கார்ந்து, நாயிடம் எதையாவது சொல்ல ஆரம்பித்தால் போதும், கறி இருக்கிற கைக்கு வந்து இறங்கும். அவள் ஒரு முறையும் அதைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு விடியற்காலை கொல்லைகளிலிருந்து காடைகளின் குரல் வந்தது. அன்று செசாயியும் வந்தார். கோட்டுப் பையில் கயிறு. முற்றத்துக் கட்டையில் வல்லூறு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார்.

"வழக்கம் எனக்கும் தெரியும்," என்றார். "ஆனா ரித்வான், உக்காந்திருக்கறதெல்லாம் வல்லூறு ஆயிடுமா? எங்க வீட்டுல கோழிகூடத்தான் உக்காந்திருக்கு. எறிஞ்சா, கூப்பிட்டா, கைக்குத் திரும்பணும். திரும்பிச்சுன்னா நாயைப் பத்தி நான் பேச மாட்டேன். திரும்பலைன்னா இன்னிக்கே இந்தக் கயிறு அது கழுத்துல. சரிதானே?"

ரித்வான் தங்கையைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள்.

"பாரு, வாயத் திறந்து 'சரி'ன்னு சொல்லாது," என்று செசாயி சிரித்தார். ஹுரியே உள்ளேயிருந்து, "அவ பங்கையும் சேர்த்து நீங்கதான் பேசறீங்களே மாமா!" என்றாள்.

அறுத்த சோளத்தட்டைகளுக்கு நடுவே ஃபிந்திக் மூக்கைத் தரையோடு இழுத்துக்கொண்டு வளைந்து வளைந்து போனது. சரிவின் விளிம்பில் சட்டென்று நின்றது. முன்னங்கால் ஒன்று மடங்கி உயர்ந்தது. வால் விறைத்தது. உலகத்தில் அந்தப் பெரணிப்புதரைத் தவிர எதுவும் இல்லை என்பதைப் போல நின்றது. மெலிஹா வல்லூறை உள்ளங்கையில் ஏந்தினாள். கையை உயர்த்தினாள். நாய் பாய்ந்தது, காடை வெடித்துக் கிளம்பியது.

"எறி!" என்று ரித்வான் கத்தினான். "எறி, எறி!" என்று செசாயியும் கத்தினார், வேட்டையில் எல்லோரும் கத்துவதைப் போலவே.

அவள் எறிந்தாள். நல்ல எறி, கை அதுவாகவே செய்தது. ஆனால் அந்த இரண்டு குரல்களும் பறவையைப் பின்னாலிருந்து அறைந்தன. அது காடையைத் தாண்டி, பக்கவாட்டில் திரும்பி, விளிம்பில் நின்ற ஆல்டர் மரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

ரித்வான் இடது கையில் கறியை ஆட்டி, "வா, வா, வா" என்று கூப்பிட்டான். வல்லூறு இறகுகளை ஒடுக்கி ஒல்லியானது. செசாயி விசிலடித்தார். அது ஒரு கிளை மேலே போனது. இன்னொரு முறை கூப்பிட்டார்கள், இன்னொரு கிளை. மூடுபனி கடலிலிருந்து சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் கீழ்த்தோட்டம் போயிற்று, அப்புறம் வேலி.

"இது டீக்கடையில உக்காந்த பறவையே இல்ல!" ரித்வானின் முகம் சிவந்தது. "எங்கடி பழக்கின இதை? உன் பறவைதானே, கூப்பிடு! பனி மூடிட்டா அவ்வளவுதான்!"

"அவ எங்க கூப்பிட்டிருப்பா," என்றார் செசாயி. "எல்லாம் கண்ஜாடைதான்." பையிலிருந்து கயிற்றின் நுனி வெளியே வந்திருந்தது.

மெலிஹா வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, கத்தினாலும் பயனில்லை. அந்தப் பறவைக்கு மனிதக் குரல் என்றால் ஒன்றுதான் தெரியும். அது கூப்பிடுகிற குரல் இல்லை. யாருமில்லாத இடத்தில் நாயிடம் பேசுகிற குரல். இங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

அவள் அவர்களுக்கு முதுகைக் காட்டி ஈரமண்ணில் உட்கார்ந்தாள். தலைத்துணியைக் கண்கள் மறையக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். தோலுறை மாட்டிய முஷ்டியில் ஒரு துண்டுக் கறியை வைத்து நீட்டினாள். நாய் வந்து, வழக்கம்போல, தாடையை அவள் முழங்காலில் வைத்தது.

"ஃபிந்திக் ராஜா," என்றாள். குரல் நடுங்கியது. "இன்னிக்கு என்ன ஆச்சுன்னா... அண்ணி கோசுக்கீரை சூப்பு வச்சா. உப்பு போட மறந்துட்டா. அண்ணன் மூச்சு விடாம குடிச்சான். ஏன்னு சொல்லு? கை ஒடிஞ்சதுலேருந்து அவனுக்குப் பொத்தான் போட்டுவிடறது அவதான். உப்பு இல்லைன்னு சொன்னா ஒரு பொத்தானை மாத்திப் போட்டு ஊருக்குள்ள அனுப்பிடுவா."

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அவள் துணியை இன்னும் கீழே இழுத்தாள்.

"செசாயி மாமா வந்திருக்காரு. பையில கயிறு, எலிவால் மாதிரி தொங்குது. அது உனக்குத்தான். நீ ஒண்ணும் பயப்படாத. அவரு அடிக்க மாட்டாரு. பேசத்தான் பேசுவாரு. ஏன் அவ்வளவு பேசறாரு தெரியுமா? பிள்ளைங்க ரெண்டு பேரும் இஸ்தான்புல் போயிட்டாங்க. அத்தையும் தவறிட்டாங்க. கதவைத் திறந்து உள்ள போனா கேக்க ஆளில்ல. அதான் எல்லாத்தையும் வெளியிலயே பேசித் தீர்த்துட்டுப் போறாரு. ரெண்டாவது நாள் டீக்கடை வாசல்ல நின்னேன் இல்ல, வல்லூறை வச்சுக்கிட்டு? எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. அவரு அப்பவும் பேசிக்கிட்டிருந்தாரு, காலி நாற்காலிகிட்ட. நான் உன்கிட்ட பேசறேன் பாரு, அதே மாதிரிதான்."

பனி அவள் முகத்தைத் தொட்டது. குரல் இப்போது நடுங்கவில்லை; கொட்டகையில் இருப்பதைப் போலத் தாழ்ந்து, தன்பாட்டுக்குப் போயிற்று.

"ஒரு நாள் என்னைக் கேட்டாரு, நீ ஊமையான்னு. ஒரு பதில் வச்சிருந்தேன். ரொம்ப நாள் வச்சிருந்தேன், இப்ப தேடினா காணோம். நீ அங்க போனா, அவரு பேசறப்ப தூங்கிடாத, கேட்டுக்கோ. இடி இடிச்சா நீ கட்டிலுக்கு அடியில போயிடுவ, அது அவருக்குத் தெரியாது. பனியில தும்முவ, அதுவும் தெரியாது. யாரு சொல்லுவா? நான் எங்க சொல்லப் போறேன்..."

கையில் ஒரு கனம் வந்து இறங்கியது. ஒரு மாதுளம்பழத்தின் கனம். எட்டு நகங்களும் தோலுறைக்குள் மெல்ல அழுந்தின. கறி இழுபடுவதை அவள் விரலால் உணர்ந்தாள். உடனே நிறுத்தவில்லை. நாய் ராஜா ஊருக்குத் திரும்பி வந்து, வாசலில் கால் கழுவுகிற இடம் வரைக்கும் சொல்லிவிட்டு, அப்புறம்தான் துணியை விலக்கினாள்.

வல்லூறு ஒற்றைக் காலை மார்புக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. ரித்வானின் நல்ல கை சட்டைப் பொத்தான்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. செசாயி அவளைப் பார்க்கவில்லை. நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் ஒருமுறை பிரிந்தன. ரித்வான் காத்திருந்தான், மெலிஹாவும் காத்திருந்தாள், நாயும் காதைத் தூக்கியது. அவர் உதடுகளைச் சேர்த்துக்கொண்டார். குனிந்து ஃபிந்திக்கின் காதுகளுக்கு நடுவே ஒரு விரலை வைத்து எடுத்தார். பிறகு திரும்பி, சோளத்தட்டைகள் காலடியில் நொறுங்க, சரிவில் இறங்கிப் போனார். கயிற்றின் நுனி பையிலிருந்து முழுதாக நழுவி, ஈரப் பெரணிகளின் மேல் அவருக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டே போனது. முதலில் அவர் கால்கள் பனிக்குள் போயின, அப்புறம் கோட்டு, கடைசியாகக் கயிறு.

ஃபிந்திக் எழுந்து விளிம்பு வரைக்கும் அவர் பின்னாலேயே போனது. அங்கே நின்றது. வெள்ளையாக, ஒன்றுமே தெரியாத அந்தப் பக்கத்தை நோக்கி, வால் விறைக்க, முன்னங்கால் ஒன்றை மடக்கி உயர்த்திக்கொண்டு, புதரில் காடை பதுங்கியிருக்கும்போது நிற்பதைப் போலவே நின்றுகொண்டிருந்தது.